தரவு அலசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த டபுள் கிளிக்

புதிதாகத் தரவு அலச வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?" எதுவும் வாங்க வேண்டாம். சின்ன அமைப்புகளுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். அது பத்தாதபோது ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகளும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளமும் இருக்கின்றன, எல்லாம் இலவசம். ஃபார்முலாவில் அடைப்புக்குறியை விட்டால் மென்பொருளே கத்திவிடும், அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சத்தமே போடாத தவறுகள் வேறு.

சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறப்பது

சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு. எத்தனை முறை சொன்னாலும் இப்படித்தான் திறக்கிறார்கள். எக்செல் உங்களைக் கேட்காமலேயே எது எண், எது தேதி என்று முடிவு செய்துவிடும். 044 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணில் பூஜ்யம் போய்விடும். 12 இலக்க ஆதார் எண் 1.23457இ+11 என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் விடாமல் தேதியாக்கியதால், பெயர் சூட்டும் குழு 2020இல் அந்தப் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் நம் ஊரில் காசு செலவு வைப்பது தேதிதான். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், நவம்பர் 5 என்று நாம் எழுதிய 05/11/2022 மே 11 ஆகிவிடும். 12ஆம் தேதிக்கு மேல் அப்படி மாற்ற முடியாது, எழுத்தாக அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி இடம் மாறுகின்றன.

ஒரு தொண்டு நிறுவனம் கிணற்று நீர்மட்டத்தைத் தினமும் அளந்துவந்தது. வரைபடத்தில் மே 11 அன்று கிணறு தளும்பியது. அலசிய தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை. "கோடை மழை" என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதி, அறிக்கை அச்சுக்கும் போய்விட்டது. வடகிழக்குப் பருவமழையின் தண்ணீர் அது! மொத்தத்தையும் மறுபடி அச்சடித்தார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். தேதி நெடுவரிசையில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கியிருந்தால், இடப்பக்கம் நிற்பவை வெறும் எழுத்து. அவை எல்லாம் 12ஆம் தேதிக்கு மேல் என்றால், வலப்பக்கம் இருப்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன.

சரி, எப்படித் திறப்பது? கால்க் திறக்கும்போதே ஒரு பெட்டி காட்டும். அதில் எழுத்துக் குறியீடாக யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகும். தேதி நெடுவரிசைக்கு டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) கொடுங்கள், எண் மாதிரித் தோன்றும் அடையாளங்களுக்கு டெக்ஸ்ட். எக்செல்தான் வேண்டுமென்றால் டேட்டா மெனு வழியாக இறக்குங்கள். அப்புறம், களப்பணியாளர்களிடம் 2022-11-05 என்று ஆண்டை முதலில் எழுதச் சொல்லுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

மூலக் கோப்பில் கை வைப்பது

வேண்டாம். நகல் எடுங்கள்.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம்

எக்செலின் பழைய கோப்பு வடிவம் இது, 65,536 வரிசைகளோடு நின்றுவிடும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனதற்கு இதுதான் காரணம். இறக்கியதும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்களைக் கையால் திருத்துவது

ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் கிளஸ்டர் வசதி இருக்கிறது, அதுவும் இலவசம். ஒத்த பெயர்களை அது கூட்டிக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செல்களை மெர்ஜ் செய்வது

பிரிண்ட் எடுக்கும் தாளில் மட்டும்.