பழைய பெட்ரோமாக்ஸ் லைட்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பரணிலோ பழைய பாத்திரக் கடையிலோ ஒரு பெட்ரோமாக்ஸ் லைட் கிடைத்தால், முதலில் அது எங்கே செய்தது என்று பார்க்க வேண்டும். பெட்ரோமாக்ஸ் என்பது பெர்லினில் இயங்கிய எரிச் உண்ட் கிரேட்ஸ் கம்பெனியின் முத்திரை. அதே வடிவத்தில் பல நாடுகளில் விளக்குகள் செய்தார்கள். நாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் வயதில் பாதி தெரிந்துவிடும்.

படி 1: தேய்க்காதீர்கள்

பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பித்தளையில் பதித்த எழுத்துகள் ஆழம் குறைந்தவை. பஃபிங் சக்கரத்தில் ஒருமுறை தேய்ந்தால் போனதுதான். ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எழுத்துகளைப் போட்டோ எடுங்கள். புளி போட்டு விளக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 2: டேங்க்கை மட்டும் நம்புங்கள்

கண்ணாடி, தொப்பி, பர்னர், பம்பு, நிப்பிள் எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. வாடகைக்கு ஓடிய லைட்டுகளில் ஒன்றின் பர்னர் இன்னொன்றின் டேங்க்கில் உட்கார்ந்திருப்பது சாதாரணம். அதனால் நீங்கள் கண்டுபிடிக்கும் வயது டேங்க்கின் வயது. அதன் பக்கவாட்டையும் அடிப்பாகத்தையும் முழுக்கப் படியுங்கள்.

829/500 என்று இருந்தால் 829 மாடல் எண், 500 வெளிச்ச அளவு. இதை ஆண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மாடல் இரண்டாம் உலகப்போருக்கு முன்பும் பின்பும் வந்தது. எச்.கே. (HK, பழைய ஜெர்மன் வெளிச்ச அலகு) என்ற எழுத்துகளைக் காட்டி “ரொம்பப் பழசு” என்று விலை சொல்வார்கள். இன்று புதிதாக விற்கும் பெட்ரோமாக்ஸுக்கும் எச்.கே.500 என்றுதான் பெயர்.

படி 3: நாட்டின் பெயரையும் காப்புரிமை எழுத்துகளையும் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஜெர்மனியின் அரசியல் வரலாறு முழுவதும் இந்தச் சின்னப் பித்தளைப் பரப்பில் கிடக்கிறது. டி.ஆர்.பி. (D.R.P.) என்பது 1877 முதல் 1945 வரை இருந்த பழைய அரசின் காப்புரிமை. டி.ஆர்.ஜி.எம். (D.R.G.M.) என்பதும் அந்தக் காலத்துப் பதிவுதான். டி.பி.பி. (D.B.P.) என்று இருந்தால் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி. ‘வெஸ்டர்ன் ஜெர்மனி’ என்று நாட்டின் பெயர் இருந்தால் 1949-க்குப் பிறகு என்று துணிந்து எழுதலாம். வெறும் ‘ஜெர்மனி’ என்றால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். போருக்கு முன்னது என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டும்.

லைப்சிக் நகரத்து ஹசாக் முத்திரையா? அந்தக் கம்பெனி போரோடு முடிந்துபோனது. கட்டாய உழைப்பு முகாம்களை நடத்திய நிறுவனம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்தியத் தயாரிப்பு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். இருந்தால் 1955-க்கு முந்தையது அல்ல. ஒட்டிய லேபிளிலோ அட்டைப்பெட்டியிலோ ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், அந்த லேபிள் 1972-க்குப் பிறகு அச்சானது.

படி 4: ஆண்டையே எழுதிவைத்த கம்பெனிகள்

சுவீடனின் பிரைமஸ் 1911-ஐ ‘ஏ’ என்று வைத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்தாக அடிப்பாகத்தில் பதித்தது. அமெரிக்காவின் கோல்மன் விளக்குகளிலும் அடியில் தேதி இருக்கும். பழையவற்றில் ‘ஏ’ ஆண்டின் முற்பாதி, ‘பி’ பிற்பாதி. பிறகு இடப்பக்கம் மாதம், வலப்பக்கம் ஆண்டு என்று எண்களாக மாறியது. கோல்மனில் பெரும்பாலானவை பெட்ரோல் வகையில் ஓடியவை என்பதால் எரிபொருளை உறுதி செய்யாமல் எதையும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் லைட்டில் பெட்ரோல் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து.

படி 5: முலாமும் கண்ணாடியும்

இவை துணைச் சாட்சிகள். லேசான மஞ்சள் சாயல் உள்ள பளபளப்பு நிக்கல். நீலச் சாயல் என்றால் குரோம். அது 1920-களின் பிற்பகுதிக்குப் பிறகே பரவியது. மறுமுலாம் பூசியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். கண்ணாடியில் ‘ஷாட், மைன்ஸ்’ (Schott, Mainz) என்று ஜெர்மன் கண்ணாடிக் கம்பெனியின் பெயர் இருந்தால் அது 1950-களிலோ அதற்குப் பிறகோ வந்த கண்ணாடி. உடைந்து மாற்றியதாக இருக்கலாம் என்பதால் டேங்க்கோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: எழுதிவையுங்கள்

ஒற்றை ஆண்டைப் போடாமல் ‘1949-க்குப் பின், மேற்கு ஜெர்மனி, 829/500, கண்ணாடி மாற்றியது’ என்பதுபோல எழுதி, எந்த எழுத்தைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் போட்டோவோடு சேர்த்து வையுங்கள். பற்றவைக்க விரும்பினால் முதலில் டேங்க்கில் விரிசல் இருக்கிறதா, வாஷர்கள் காய்ந்திருக்கின்றனவா என்று வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய மேன்டில்களில் (எரிந்து வெளிச்சம் தரும் வலைப்பை) தோரியம் இருக்கும். அது கதிரியக்கம் உள்ளது. உடைந்த மேன்டில் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியில் ஒற்றியெடுங்கள்.