பல் தேய்ப்பதும் கை கழுவுவதும் விளையாட்டாக: நாம் சறுக்கும் இடங்கள்

தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவி, சோப்பில் தொட்ட விரலை நடுவில் வைத்தால் மிளகு அத்தனையும் ஓரத்துக்கு ஓடும். “பார்த்தியா, சோப்பைக் கண்டதும் கிருமியெல்லாம் ஓடுது!” என்று பல மழலைப் பள்ளிகளில் இதைக் காட்டுகிறார்கள். நானும் என் தம்பி மகனுக்குக் காட்டினேன். நான்கு வயது. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தான். அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவப் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். “கழுவிட்டியாடா?” என்றால் ஒற்றை விரலை நீட்டுகிறான். “சோப்பைத் தொட்டுட்டேன் அத்தை, எல்லாம் ஓடிப்போச்சு.”

அவன் மேல் தப்பில்லை. நான் காட்டியதைத்தான் செய்தான். மிளகு ஓடுவது பயத்தால் அல்ல. சோப்பு பட்ட இடத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள நீர்ப்பரப்பு மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கையில் நடப்பது வேறு. தோலின் எண்ணெய்ப் பசையில் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கிடக்கும். சோப்பு அந்தப் பசையைப் பிரிக்கும், தேய்ப்பது அதைக் கிளப்பும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். தேய்க்காவிட்டால் பெரும்பாலானது அங்கேயே இருக்கும்.

அன்றிலிருந்து எந்த விளையாட்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதில் குழந்தையின் கை என்ன வேலை செய்கிறது? வாயால் நாம் தரும் விளக்கம் அந்த வயதில் நிற்காது. கை செய்தது நிற்கும். தொடும் விளையாட்டு தொடப் பழக்கும், தேய்க்கும் விளையாட்டு தேய்க்கப் பழக்கும்.

அதனால் மிளகை விட்டுவிட்டு மஞ்சளுக்கு வந்தேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இரண்டு கையிலும் பூசிக்கொள்ளட்டும். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போகாது. பிறகு சோப்பு. துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையிலும் அந்த வேடிக்கை நடக்கும், கட்டி சோப்பாக இருந்தால். ஹேண்ட்வாஷ் பலவற்றில் காரத்தன்மை குறைவு, நிறம் மாறாது. கடைசியில் மஞ்சள் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடுவதுதான் ஆட்டம். பெரும்பாலும் கட்டைவிரலிலும் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் இருக்கும். பழைய சட்டையைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தினமும் மஞ்சள் பூச முடியாது, சரி. தினசரிக்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு விளையாட்டு இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துச் சுற்றி, “பருப்பு கடை” என்று கடைந்து, விரல் விரலாக மடக்கி அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்து, கடைசியில் நண்டு ஊருது, நரி ஊருது என்று கையில் ஏறிப்போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அதேதான். அதைச் சோப்பு நுரையோடு செய்யுங்கள். உள்ளங்கை ஆகிவிடும், ஒவ்வொரு விரலும் ஆகிவிடும், நண்டு மணிக்கட்டைத் தாண்டும்போது அதுவும் ஆகிவிடும். கட்டைவிரல் தாத்தாவுக்கு, அவருக்கு மட்டும் ரெண்டு கரண்டி. கை கழுவ மொத்தம் 40 முதல் 60 விநாடி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு வயதுக்கு விநாடிக் கணக்கு தெரியாது. பருப்பு கடைந்து பங்கு வைத்து முடிக்கும் நேரம் தெரியும்.

பூச்சாண்டியைக் கூப்பிடுவது

“பல் தேய்க்கலைன்னா பூச்சி வந்து பல்லைத் தின்னுடும்.” “கை கழுவலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுவேன்.” இதைச் சொல்லாத வீடு உண்டா! உடனே பலிக்கும், அதுதான் சிக்கல். பயம் தீர்ந்த அன்று பழக்கமும் தீர்ந்துவிடும். பயம் தீராத குழந்தையின் கதை இன்னும் மோசம்: சிலர் சும்மா சும்மா கை கழுவ ஆரம்பிப்பார்கள், சிலர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுவார்கள். நாளைக்கே தடுப்பூசிக்குக் கூட்டிப்போக வேண்டியவர்களும் நாம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

பந்தயம்

“யார் முதல்ல பல் தேய்ச்சு முடிக்கிறாங்கன்னு பார்ப்போம்!” அண்ணன் தங்கை உள்ள வீடுகளில் இது தினமும் காதில் விழும். பல் தேய்ப்பதில் வேண்டியது நிதானம், நாம் பரிசு கொடுப்பது வேகத்துக்கு. சின்னக் குழந்தை தினமும் தோற்கும் என்பது தனி. போட்டிதான் வேண்டுமென்றால் யார் நுரை பெரிசு, யார் கடைசி வரை வாய்க்குள் தண்ணீரை வைத்திருக்கிறார்கள் என்று மாற்றிக்கொள்ளலாம்.

சாக்லேட்டும் ஸ்டாரும்

பல் தேய்த்ததற்குச் சாக்லேட் கொடுக்கும் வீட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை விடுங்கள். ஸ்டிக்கர், ஸ்டார், கடைக்குப் போனால் பொம்மை என்று விலை பேசுவதும் யோசிக்க வேண்டியதே. அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவிடம் மட்டும் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாவை அவர்கள் முன் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே அதைத் தொட்டார்கள்.

அது ஏற்கனவே பிடித்த வேலையில் நடந்தது. பல் தேய்க்க எந்தப் பிள்ளைக்கும் பிறவி ஆசை கிடையாது. ஆகவே ஆரம்பத்தில் பத்து நாள் காலண்டரில் ஒரு டிக் போடுவதால் குடி முழுகிவிடாது. ஆனால் டிக் போடுவது குழந்தையாக இருக்கட்டும், அதை வைத்து எதையும் வாங்க முடியாததாகவும் இருக்கட்டும். தண்ணீர் விளையாட்டுப் பிடித்துத் தானாகவே கை கழுவ ஓடும் பிள்ளைக்கு மட்டும் தயவுசெய்து ஸ்டார் ஒட்டாதீர்கள்.

பல் தேய்ப்பில் மூன்று சறுக்கல்

போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நாம் தேய்த்துவிடுவது முதலாவது. வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் குழந்தை அங்கே இல்லை. போன் சார்ஜ் இல்லாத நாளில் வாயும் திறக்காது. அ, ஆ, இ, ஈ இருக்கிறதே. “ஈ” சொன்னால் முன்பல் தெரியும், “ஆ” சொன்னால் கடைவாய் திறக்கும். சத்தமாக, நீளமாக, சிங்கம் மாதிரி. போனுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, “அவனே தேய்ச்சுக்கிறான்” என்று பெருமைப்பட்டு ஒதுங்கிவிடுவது. ஏழெட்டு வயது வரை பிரஷை எல்லா மூலைக்கும் கொண்டுபோகும் லாகவம் கைக்கு வராது. முதலில் உன் முறை, பிறகு என் முறை. குழந்தைக்குப் பின்னால் நின்று, அதன் தலையை நம் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் உள்ளே எல்லாம் தெரியும். ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், ஒரு கடைவாய்ப்பல் ஓசைப்படாமல் முளைக்கும். பால்பல்தானே என்று பலர் விட்டுவிடுவார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். என் முறை இருந்தால்தான் அது கண்ணில் படும்.

மூன்றாவது பேஸ்ட். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவார்கள். அது பேஸ்ட் விற்பதற்கு. ஃப்ளோரைடு பேஸ்டாக இருந்தால் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு போதும். ஸ்ட்ராபெரி வாசத்தில் இருப்பதைக் குழந்தை விழுங்கத்தான் பார்க்கும். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி உள்ளே போனால் அந்தப் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எனவே துப்பத் தெரிவதும் ஒரு பாடம். பேஸ்ட் இல்லாமல், வெறும் தண்ணீரை வாயில் வைத்துச் செடிக்குத் துப்பும் விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். அதைவிடச் சந்தோஷமான பாடத்தை எந்தக் குழந்தைக்கும் யாரும் எடுத்ததில்லை.

எட்டாத சோப்பு

விளையாட்டெல்லாம் யோசித்துவிட்டு இதை மறந்துவிடுவோம். வாஷ்பேசின் நம் இடுப்புக்கு இருக்கிறது. முழு சோப்புக்கட்டி அந்தக் கைக்குள் அடங்காது, நழுவி ஓடும். சோப்பைப் பாதியாக வெட்டி வையுங்கள். ஆடாத முக்காலி, குழந்தைக்கென்று ஒரு சின்னச் சொம்பு, கைக்கு எட்டும் ஆணியில் ஒரு துண்டு. இவ்வளவு செய்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடுகிறது.

தண்ணீர் என்றால் விளையாட்டுதான், ஆனால் வாளிப் பக்கம் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு போன் எடுக்கப் போகாதீர்கள். தலை குப்புற விழுந்த குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. விளையாடி முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

“போதும்” என்றால் போதும்

குளியல் விளையாட்டில் நாம் கூச்சப்பட்டுத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. பொம்மையைக் குளிப்பாட்டும்போது மூக்கு, காது, தொப்புள் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்து அந்தரங்க உறுப்புகள் வந்ததும் பேச்சை மாற்றுவோம், அல்லது சிரிப்போம். அங்கேயும் பெயர் சொல்லுங்கள், எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக. உன்னைக் குளிப்பாட்டும் அம்மாவோ பாட்டியோ, அம்மா கூட இருக்கும்போது டாக்டரோ தவிர வேறு யாரும் அங்கே தொடக்கூடாது என்பதையும், தொட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதையும் அதே சாதாரணக் குரலில் சொல்லலாம். அப்புறம், கிச்சுகிச்சு மூட்டும்போது குழந்தை “போதும்” என்றால் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். நண்டும் நரியும் அங்கேயே நின்றுவிட வேண்டும். தன் சொல்லுக்குப் பெரியவர்கள் நிற்பார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும் அல்லவா.

சொப்புச் சாமானைக் கவனியுங்கள்

குழந்தைக்கு என்ன பழகியிருக்கிறது என்று தெரிய, அது தானாகச் சொப்பு வைத்து விளையாடும்போது ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும். நடுவில் புகுந்து, “முதல்ல கை கழுவணும்ல?” என்று டீச்சராகிவிடாதீர்கள், விளையாட்டு அத்தோடு செத்துவிடும். சாப்பிட வந்த ஆள் மாதிரி, “ஓனர், கை கழுவ எங்க போகணும்?” என்று கேட்கலாம்.

எங்கள் வீட்டு ஓனரிடம் அப்படித்தான் கேட்டேன். எழுந்து வந்து இல்லாத குழாயைத் திறந்து காட்டினான். நான் பருப்பு கடைய ஆரம்பித்தேன். “அதெல்லாம் குழந்தைங்களுக்கு. பெரியவங்க இப்படி,” என்று ஒரே உதறாக உதறி, கையை இடுப்பில் இல்லாத லுங்கியில் துடைத்தான். அச்சு அசல் அவன் அப்பா. தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், “அக்கா, சோப்பு எங்க இருக்கு?” என்று கேட்டான்.