விவாகரத்து ஆனால் கிரீன் கார்டு போய்விடுமா? பலர் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்து கிரீன் கார்டு வாங்கியவர்களில் பலர், "நான் ஒரு போன் போட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற மிரட்டலை நம்பிக்கொண்டே வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அப்படி ஒரு போனில் யாருடைய கார்டும் ரத்தாகாது.

முதலில் கார்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பத்து வருஷக் கார்டு என்றால் விவாகரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. சிக்கலெல்லாம் இரண்டு வருஷ நிபந்தனைக் கார்டில்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும் என்பது பொது விதி. அதனால், பிரிந்துபோனவரிடம் கையெழுத்துக்குக் கெஞ்சுவது, இல்லாவிட்டால் சேர்ந்து வாழ்வதுபோல் நடித்துக் கூட்டாக விண்ணப்பிப்பது என்று போகிறார்கள். இரண்டும் வேண்டாம், இரண்டாவது பொய் சொன்ன குற்றமாகவே ஆகிவிடும். விவாகரத்துத் தீர்ப்பு கையில் வந்ததும் நீங்கள் தனியாகவே போடலாம், இதற்கு அந்த 90 நாள் கணக்கு கிடையாது.

ஆனால் 'பிரிந்து வாழ்கிறோம்' என்பது போதாது, இறுதித் தீர்ப்பு வேண்டும். கலிஃபோர்னியாவில் குறைந்தது ஆறு மாதம் ஆகும், ஆகவே கார்டு முடியப்போகிறது என்றால் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அடி உதை, கொடுமை என்றால் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அதற்குத் தனி வழி இருக்கிறது.

அப்புறம், துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவது! கல்யாணம் உண்மையானது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இரண்டு பேர் பெயரிலும் உள்ள லீஸ், கூட்டுக் கணக்கின் ஸ்டேட்மென்ட், டாக்ஸ் ரிட்டர்ன், காப்பீடு எல்லாவற்றையும் பாஸ்வேர்டு மாறுவதற்கு முன் டவுன்லோடு செய்துவிடுங்கள். மண்டபத்தில் எடுத்த முந்நூறு போட்டோவைவிட ஒரே முகவரிக்கு மாதாமாதம் வந்த கரன்ட் பில்லுக்கு மதிப்பு அதிகம்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் புது முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், அதை யார் பிரிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரின் துணை என்பதால் ஐந்துக்குப் பதில் மூன்று வருஷத்திலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற சலுகையும் விவாகரத்தோடு போய்விடும், குடியுரிமை உறுதிமொழிக்கு முந்தைய நாள் தீர்ப்பு வந்தாலும்கூட. சரி, ஐந்து வருஷம் முடிந்ததும் தனியாக விண்ணப்பிக்கலாம்.