வீட்டுப் பெரியவரின் பாட்டு ரசனையை ஆண்டுவாரியாகத் தொகுப்பது எப்படி

எழுபது வயதானவரிடம் போய் "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டால், "எல்லாம் பழைய பாட்டுதான்" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்தது. தப்பு அவர் பேரில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. பாட்டு நினைவில் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. கேட்ட இடம், பாடிய ரேடியோ, அப்போது பக்கத்தில் இருந்த ஆள் என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இடத்தைக் கேளுங்கள், பாட்டு தானாக வரும்.

தேவைப்படுவது ஒரு நோட்டு, குரல் பதியும் போன், நாற்பது நாற்பது நிமிடமாக நான்கு நாள். வீட்டில் கேசட் பெட்டி இருந்தால் கூடுதலாக இரண்டு வாரம். இலக்கு 40 பாட்டு. நூறு என்று வைத்தால் பிடித்ததும் பிடிக்காததும் கலந்து, ஏதோ ஒரு பாடகரின் மொத்தப் பட்டியலாகப் போய்விடும்.

முதலில் ஆண்டுக் கணக்கு

நோட்டின் இடது ஓரத்தில் பிறந்த ஆண்டிலிருந்து இன்று வரை ஐந்தைந்து ஆண்டாக எழுதி, பக்கத்தில் அப்போதைய வயதை எழுதுங்கள். பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை முதுமையில் மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவுக்கு வரும் என்பது உளவியலில் நன்றாக நிலைபெற்ற விஷயம். பாட்டிலும் அப்படித்தான். 1952இல் பிறந்தவருக்குப் பத்து வயது 1962, இருபத்தைந்து வயது 1977. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் கடைசி ஆண்டுகளும், 1965இல் அவர்கள் பிரிந்தபின் எம்.எஸ்.வி. தனியாக இசையமைத்த முதல் பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்குள் விழும். 'அன்னக்கிளி' வந்த 1976இல் அவருக்கு வயது 24. இளையராஜா அவருக்கு 'வந்து சேர்ந்தவர்'. 1968இல் பிறந்தவருக்கோ எட்டு வயதிலிருந்தே இளையராஜாதான் வீட்டுக் காற்று. ரஹ்மானின் 'ரோஜா' வந்த 1992இல் அவருக்கு 24. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் பத்து வயது வித்தியாசத்தில் இருந்தால், ரசனையும் ஒரு தலைமுறை தள்ளியே இருக்கும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. படம் வெளியான ஆண்டும் பாட்டு காதில் விழுந்த ஆண்டும் ஒன்றல்ல. நகரத்தில் ஓடி முடித்த படம் கிராமத்து டெண்டு கொட்டகைக்கு வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பெரியவர் "ஒன்பதாவது படிக்கும்போது பார்த்தேன்" என்று சொல்வதும் இணையத்தில் இருக்கும் ஆண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அவரைத் திருத்தாதீர்கள். நோட்டில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். பட்டியலை அவர் கேட்ட ஆண்டின்படியே அடுக்குங்கள்.

எப்படிக் கேட்பது

ஒரு நாளைக்கு ஒரு வயதுக் கட்டம் போதும். வகையைக் கேட்காதீர்கள். "மெலடி பிடிக்குமா, கிளாசிக்கலா?" என்பதெல்லாம் செயலிகளின் பாஷை. நம் ஆட்கள் தரம் பிரிப்பது வேறு மாதிரி: சாமி பாட்டு, சோகப் பாட்டு, தத்துவப் பாட்டு, டூயட், குத்து, கச்சேரி, நாதஸ்வரம், தெம்மாங்கு, கானா. தத்துவப் பாட்டைத் தனி வகையாக வைத்துக்கொண்டு இருபது வயதில் அதைக் கிண்டல் செய்துவிட்டு, ஐம்பதில் அதற்கே கண் கலங்குகிறவர்கள் நாம். அவர் வாயில் வரும் பெயரையே வகையாக எழுதுங்கள்.

கேள்விகள் இப்படி இருக்கலாம்:

"பள்ளிக்கூடம் போற வழியில எந்தக் கடையில ரேடியோ பாடும்?"
"கல்யாண வீட்டுல குழாய் கட்டினா முதல்ல என்ன போடுவாங்க?"
"கொட்டகையில படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பாட்டு வரும்?"
"வீட்டு ரேடியோவைத் திருப்புற உரிமை யாருக்கு இருந்துச்சு?"
"பிள்ளைங்க போட்டதுல எதைத் திட்டாம கேட்டீங்க?"

நான்காவது கேள்விதான் இதில் முக்கியம். பல வீடுகளில் ரேடியோவும் பிறகு டேப் ரெக்கார்டரும் அப்பாவின் கையில் இருந்தன. கேசட் பெட்டியைத் திறந்து பார்த்து "அம்மாவுக்கும் இதெல்லாம்தான் பிடிக்கும்" என்று முடிவு கட்டுவது இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. யார் கையில் காசு இருந்தது என்பதைத்தான் பெட்டி சொல்லும். அதனால் இருவரையும் தனித்தனியாக, மற்றவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அம்மா காய் நறுக்கும்போது எதை முணுமுணுக்கிறார் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் குறித்தால், நேர்காணலில் வராத ஐந்தாறு பாட்டாவது கிடைக்கும்.

ஐந்தாவது கேள்வி இடைவெளியை நிரப்புவதற்கு. முப்பது முதல் நாற்பத்தைந்து வரை பெரும்பாலானவர்களுக்குப் பட்டியல் காலியாக இருக்கும். வேலை, குழந்தை, கடன் என்று ஓடிய காலம் அது. அப்போது காதில் விழுந்ததெல்லாம் பிள்ளைகளும் பஸ் டிரைவர்களும் போட்ட பாட்டு. அதிலும் சில ஒட்டிக்கொண்டிருக்கும்.

நினைவைக் கிளற வானொலி நிகழ்ச்சிப் பெயர்கள் நன்றாக உதவும். 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது இந்தியக் காதுகள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பின. விவித பாரதி 1957 அக்டோபர் 3 அன்றுதான் தொடங்கியது. ஆகவே 1940களில் பிறந்தவரிடம் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் குரல்களில் தொடங்கிப் பாட்டுக்கு அவரே வந்துவிடுவார். விவித பாரதியின் 'தேன்கிண்ணம்' அதற்குப் பிந்தியவர்களுக்கு. இலங்கையில் வளர்ந்தவர் என்றால் பொப்பிசைக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பெயர்களில்லாமல் அந்தத் தலைமுறையின் பட்டியல் நிறைவு பெறாது.

பிடிக்காதவற்றுக்கும் ஒரு பக்கம் வேண்டும். "அந்தப் பாட்டைப் போட்டா எழுந்து போயிடுவேன்" என்பதும் ரசனைதான். சில நேரம் அது ஒரு சாவையோ முறிந்த கல்யாணத்தையோ ஒட்டியிருக்கும். காரணம் கேட்டுக் கிண்டாதீர்கள், பட்டியலில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டைக் கண்டுபிடிப்பது

பாதி வரி சொல்வார். அதைத் தேடினால் வராது. பெரும்பாலும் அவர் சொன்னது பல்லவியாக இருக்காது. தாளம் சேரும் முன் பாடும் தொகையறாவாகவோ இரண்டாம் சரணமாகவோ இருக்கும். இணையத்தில் பாட்டின் பெயர் பல்லவியின் முதல் சொற்கள். "இதுக்கப்புறம் தபேலா எங்கே சேரும்? அந்த இடத்திலிருந்து பாடுங்க" என்று கேளுங்கள். தாளம் சேரும் இடத்தில் பல்லவி இருக்கும்.

கிடைத்த பாட்டு சரியான வடிவம்தானா என்று பார்ப்பது அடுத்த வேலை. ஒரே பல்லவியில் மகிழ்ச்சிப் பாட்டு ஒன்றும் சோகப் பாட்டு ஒன்றும் இருக்கும் படங்கள் ஏராளம். இசைத்தட்டில் இல்லாத சரணம் படத்தில் இருக்கலாம். பழைய பாட்டின் மேல் புதிதாகத் தாளமும் எதிரொலியும் ஏற்றி விற்ற வடிவங்களும், மேடைப் பாடகர்கள் மறுபடி பாடியவையும் தேடலில் முதலில் வந்து நிற்கும். செயலி காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் தொகுப்பு வெளிவந்த ஆண்டு. சோதனை எளிது: பெயர் சொல்லாமல் முதல் முப்பது நொடி முன்னிசையை மட்டும் போடுங்கள். சரியான வடிவம் என்றால் பாடகர் வாய் திறக்கும் முன்பே அவர் தலை ஆடும். "ஏதோ ஒண்ணு குறையுதே" என்றால் வேறு வடிவத்தைத் தேடுங்கள்.

கேசட் பெட்டி

பெட்டியில் விலை போட்டு விற்ற கேசட்டுகளைவிட, பதிவுக் கடையில் காலிக் கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கியவைதான் பொக்கிஷம். அதன் உறை அட்டையில் நீல மையில் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்து எழுதிய பட்டியல் இருக்கும். 60 நிமிடக் கேசட் என்றால் பதின்மூன்று பதினான்கு பாட்டு. இடம் பற்றாமல் கடைசிப் பாட்டு ஓரத்தில் குறுக்காக எழுதப்பட்டிருக்கும். ஒருவர் தன் காசில், தன் கையால், வரிசை பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. கேசட்டைத் தொடும் முன் அந்த அட்டையைப் படம் எடுத்துவிடுங்கள்.

கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பூஞ்சை; அதை ஓட்டாதீர்கள். பூஞ்சை, டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நன்றாக இருப்பவற்றை, நாடா தளர்ந்திருந்தால் அறுகோணப் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து இறுக்கிவிட்டு, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். இருபது வருடம் அசையாமல் கிடந்த சுற்றுகள் அப்போது பிரியும். ஆனால் 120 நிமிட நாடா மிக மெல்லியது. அதை வேகமாகச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும். ஹெட்டுக்கு எதிரே உள்ள சிறிய பஞ்சுத் திண்டு கழன்றிருந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். திருகு போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றுவதுதான் வழி.

டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நான்கைந்து கேசட்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வரும். பழுப்பு நின்றால் போதும்.

டெக்கின் 'லைன் அவுட்' அல்லது ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு 3.5 மி.மீ. கம்பி போடுங்கள். லேப்டாப்பில் இருக்கும் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம். அதில் போட்டால் ஸ்டீரியோ போய்விடும், ஒலியும் கரகரக்கும். லைன் உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி ஒலி அட்டை வாங்குவது நல்லது. ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். ஒலி மிக உச்சத்தில் இருக்கும் இடமும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. 0 டெசிபலைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு எதைக் கொண்டும் ஒட்ட முடியாது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட், அதாவது 60 நிமிடக் கேசட்டுக்கு 600 மெகாபைட் இடம் பிடிக்கும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி வீடுகளில் அதோடு தீரும்.

பாட்டு மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்புங்கள். ஜாலரா கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். பதிந்த அதே டெக் வீட்டில் இருந்தால் அதிலேயே ஓட்டுவது இன்னும் நல்லது. சுருதி ஏறியோ இறங்கியோ இருந்தால், அதே பாட்டின் நல்ல பிரதியோடு ஒப்பிட்டு ஓட்ட வேகத்தை மாற்றுங்கள். அரைச் சுரம் என்பது ஏறத்தாழ 6 சதவீத வேகம்.

'ஸ்ஸ்' சத்தத்தை முழுதாகத் துடைக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன் உள்ள வெறும் நாடாவில் ஒரு நொடியை மாதிரியாக எடுத்து 6 டெசிபல், அதிகம் போனால் 9 குறையுங்கள். அதற்கு மேல் போனால் பாடுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பாடுவார். மூலப் பதிவைத் துடைக்காமல் தனியாக வைத்திருங்கள்.

ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்டில் அறிவிப்பாளர் பேச்சும் விளம்பரமும் பாட்டின் முதல் வரியை விழுங்கியிருக்கும். அழகு பார்த்து வெட்டிவிடாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும். "அடுத்து நேயர் விருப்பம்" என்ற அந்தக் குரல் இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

நாற்பதாகக் குறைப்பது

எல்லாம் சேர்ந்தால் நூற்றைம்பது வரும். பத்து பத்துப் பாட்டாகப் போட்டுக் காட்டுங்கள். "நல்ல பாட்டு" என்று மட்டும் சொன்னால் விடுங்கள். ஆள், இடம், நேரம் சொன்னால் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன ஒரு வரியை அவர் பேச்சிலேயே பக்கத்தில் எழுதுங்கள்.

வயதாகும்போது முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் பெரிய ஸ்பீக்கரில் பேஸ் ஏற்றிப் போட்டால் சொற்கள் மூழ்கிவிடும். பேஸைக் குறையுங்கள், ஸ்பீக்கரை மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள், ஃபேனை மெதுவாக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடவும் வேண்டாம். கண் கலங்கினால் அந்தப் பாட்டு முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, அடுத்ததைப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பென்டிரைவ். விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவும் ஃபேட்32 முறையில் தயார் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். கோப்புப் பெயரை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கி, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள்; சில ஸ்பீக்கர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, நகலான வரிசைப்படி பாடும். 41 முதல் 45 வரை எண்களைக் காலியாக விட்டு வையுங்கள். பட்டியல் கையில் கிடைத்த மறுவாரம், "அதை விட்டுட்டியே" என்று போன் வரும்.