ரோமானிய நகரங்களின் நிலநடுக்கம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரோமானிய நகரங்களைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். ஆண்டை மாற்றிப் போடுவது, ஊர்ப் பெயரைக் குழப்புவது எல்லாம் ஒரு வாசிப்பில் சரியாகிவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

நாணயத்தை நம்பி ஊரைக் கட்டி முடிப்பது

கி.பி. 17இல் ஒரே இரவில், இன்றைய மேற்குத் துருக்கியில் 12 நகரங்கள் இடிந்தன. பெரிய அடி சார்டிஸுக்கு. பேரரசர் திபேரியஸ் அந்த ஊருக்கு 1 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக அறிவித்து, 5 ஆண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். பிறகு 22-23இல், ஆசியாவின் நகரங்கள் மீட்கப்பட்டதாகச் சொல்லும் நாணயம் ரோமில் வெளியானது. இதைப் படித்த கையோடு, “ஐந்தே ஆண்டில் சார்டிஸ் மீண்டது” என்று எழுதிவிடுகிறார்கள். போன மாதம் வந்த கட்டுரையிலும் அதே வரி. இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. நாணயம் அடித்தது பணம் கொடுத்த தரப்பு. கட்டட வேலை முடிந்ததற்கு அது சாட்சி ஆகாது. அந்த ஒரு வரியால், உள்ளூரில் பணம் போட்டவர்கள் மொத்தமாகக் காணாமல் போகிறார்கள்.

இத்தாலியின் பொம்பெயியைப் பாருங்கள். அங்கே நிலம் குலுங்கியது 62இல். 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோதும் ஒரு பெரிய பொதுக் குளியல் மண்டபம் பாதி கட்டிய நிலையில்தான் நின்றது. எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயிலோ அதற்குள் முழுதாக எழுந்துவிட்டது. நிலநடுக்கத்தில் விழுந்த கோயிலை அடித்தளத்திலிருந்து தன் செலவில் கட்டியவர் நுமேரியஸ் பொபிடியஸ் செல்சினஸ் என்கிறது வாசல் கல்வெட்டு. அவருக்கு வயது ஆறு! அப்பா விடுதலை பெற்ற அடிமை. அப்படிப்பட்டவர் நகர மன்றத்தில் உறுப்பினராக முடியாது. அதனால் மகன் பெயரில் செலவு செய்தார் என்றுதான் கொள்ள வேண்டும். மன்றமும் நன்றியாகப் பையனைக் கட்டணமில்லாமல் உறுப்பினராக்கியது. எந்தக் கட்டடம் முதலில் எழும் என்பதை இப்படிப்பட்ட கணக்குகளும் முடிவு செய்தன.

எல்லா ஊருக்கும் ரோம் உதவியதாக எழுதுவது

இல்லை. 60இல் இடிந்த லவோதிக்கேயா (இதுவும் இன்றைய மேற்குத் துருக்கியில்தான்) ரோமின் உதவியின்றிச் சொந்தப் பணத்தில் எழுந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ்.

விழுந்த தூணெல்லாம் நிலநடுக்கம்

அடித்தளம் இறங்கினாலும் தூண் விழும். பிற்காலத்தில் கல்லுக்காக இடித்தாலும் விழும்.

கொடையாளியின் கல்வெட்டை மட்டும் படிப்பது

இன்றைய தென்மேற்குத் துருக்கியில் இருந்த லிசியாவில் 2ஆம் நூற்றாண்டு நடுவில் நிலநடுக்கம் வந்தபோது, ரோடியாபொலிஸ் ஊர் செல்வந்தர் ஒப்ரமோவாஸ் பல நகரங்களுக்கு வாரிக் கொடுத்தார். அந்த விவரங்கள் அவருடைய கல்லறைச் சுவர்களில் நீளமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அருமையான ஆவணம்தான். ஆனால் அதுவும் கொடுத்தவர் பக்கத்துப் பேச்சு. பணம் வாங்கிய ஊர்களில் தோண்டி எடுத்த சுவர்களோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.