சபையில் மனஸ்தாபமா? முதலில் அவரிடமே போங்கள்

சிறிய சபையில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் போதும், ஆராதனைக்கு வரும் எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். வேதாகமத்தில் மத்தேயு 18:15 இதற்கு நேரான வழி சொல்கிறது: தப்பு செய்தவரிடம் போய், தனியாக இருக்கும்போது பேசு. நாமோ முதலில் மூன்றாவது ஆளிடம் சொல்கிறோம், அதுவும் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று. ஜெப விண்ணப்பம் புறணியாக மாறுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

அடுத்த முறை மெசேஜ் அனுப்பாமல் நேரில் போங்கள். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று தொடங்க வேண்டாம். "அன்றைக்கு நீங்கள் சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கிடாமல் அவரைப் பேச விடுங்கள். பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேட்கவில்லையா? 16ஆம் வசனத்தின்படி இன்னும் ஒருவரையோ இருவரையோ அழைத்துப் போங்கள். உங்கள் கட்சி ஆட்களை அல்ல, இருவரும் மதிக்கிறவர்களை. சபைக்கு முன் கொண்டுபோவது அதற்கும் பிறகுதான்.

ஒன்று மட்டும்: அடி, மிரட்டல், பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் இந்த முறை வேண்டாம். தனியாகப் போகாமல் உடனே வெளி உதவியைத் தேடுங்கள்.