ஓடும் நீரில் மீனின் நீச்சல் நடை மாறுவதைப் பார்க்க

ஓடையில் ஒரே இடத்தில் நிற்கும் மீனைப் பார்த்து, சும்மா நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் எந்த வேகத்தில் ஓடுகிறதோ, அதே வேகத்தில் அது எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, தண்ணீரை அளந்தால் மீனின் வேகம் கிடைத்துவிடும்.

கரையில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நடுங்கள். நீர் வரும் பக்கத்திலிருந்து ஒரு இலையை மிதக்க விடுங்கள். அது 5 விநாடியில் கடந்தால், விநாடிக்கு 40 செ.மீ. மீன் 10 செ.மீ. நீளம் என்றால், விநாடிக்கு நான்கு உடல் நீளம் நீந்துகிறது. தரையை ஒட்டி நிற்கும் மீனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அடியில் நீரோட்டம் மெதுவாகத்தான் இருக்கும்.

நான் முதலில் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது செவுளுக்குப் பின்னால் உள்ள மார்புத் துடுப்பை. புளூகில் (வட அமெரிக்க நன்னீர் மீன்) போன்ற பட்டையான மீன்கள் மெதுவான நீரில் அதை வைத்தே துழாவி நீந்தும், வால் பெரும்பாலும் சும்மா இருக்கும். வேகம் கூடக்கூட அந்தத் துடுப்பு உடலோடு ஒட்டிக்கொள்ளும், வால் வேலையை எடுத்துக்கொள்ளும். இன்னும் வேகம் கூடினால் நாலைந்து முறை பலமாக வாலை வீசிவிட்டு, உடலை விறைப்பாக வைத்துச் சறுக்கும். அப்போது சீக்கிரம் களைத்துப்போகும் வெள்ளைத் தசையும் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை பக்கவாட்டில் ஓடும் மெல்லிய சிவப்புத் தசையே சமாளித்திருக்கும்.

கண்ணுக்கு இதெல்லாம் பிடிபடாது. நான் நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி வழியாக மீனைத் தேடிவிட்டு, அப்புறம் போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்து எடுப்பேன். நிழல் தண்ணீரில் விழாதபடி உட்காருங்கள்; விழுந்தால் மீன் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கல்லின் பின்புறம். அங்கே இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகள் கிளம்பும். 2003-இல் ஆய்வாளர் ஜேம்ஸ் லியாவோவும் சகாக்களும் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை ஒரு தடுப்பின் பின்னால் நீந்தவிட்டபோது, அது சுழிகளின் தாளத்துக்கே உடலை வளைத்தது. பெரும்பாலும் முன்பகுதித் தசைகள்தான் வேலை செய்தன. 2006-இல் வெளியான சோதனையில், அப்படிப்பட்ட சுழிகளில் விட்ட இறந்த டிரவுட்கூட எதிர்த்திசையில் நகர்ந்தது!

ஒரே மீன் கல்லின் பக்கவாட்டில் நிற்கும்போதும் பின்னால் நிற்கும்போதும் பத்து விநாடிக்கு எத்தனை வால்வீச்சு என்று எண்ணுங்கள். பின்னால் எண்ணிக்கை குறைந்து, வீச்சு அகலமானால், அது சுழியில் சாய்ந்து நீந்துகிறது.